குகைப் பல்லைப் பற்றி நீ கேட்ட ஒரு வரி

நீ கேட்டது ஒரே ஒரு வரி. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அதன் வாசகத்தைக்கூட நீயே சொல்லிவிட்டாய். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும் என்றாய். எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்ததும் கோபம் வந்தது, கோபம் வந்ததும் வரி நீண்டுவிட்டது. நீளமாக எதை அனுப்பினாலும் நீ முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மட்டும் பார்க்கிறவன் என்பது எனக்குத் தெரியும். உன் அம்மா எழுதிய கட்டுரைகளையே அப்படித்தான் படித்தாய். இதை மட்டும் முழுசாகப் படி. நீ மேடையேறி நாலு பேர் முன்னால் சொன்னதற்கு இது பதில். அதனால் இதையும் நாலு பேர் பார்க்கும்படியே வைக்கிறேன். நம் ஊர் அறிவியல் மன்றத்தார் நடத்தும் மாத இதழில் கேட்டேன், போடுகிறோம் என்றார்கள். முன்பின் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

நான் மண் பார்ப்பவன். எந்த அடுக்கு முந்தியது, எது பிந்தியது, எதை வெள்ளம் கொண்டுவந்து கொட்டியது, எதை எலி வளை தோண்டிக் குழப்பியது என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. உன் அம்மா பல் பார்ப்பவள். ஒரு பல்லை உள்ளங்கையில் வைத்து உருட்டினால் மானா, பன்றியா, குரங்கா என்று சொல்லிவிடுவாள். மனிதனுடையது என்றால் அவன் என்ன தின்றான், எந்தப் பக்கம் வைத்து மென்றான் என்பதுவரை போவாள். மனிதன் இந்தத் தெற்கத்தி மண்ணில் எப்போது வந்து கால் வைத்தான் என்ற ஒரே கேள்விக்குப் பின்னால் இரண்டு பேரும் ஆயுசு முழுக்க ஓடினோம். நீயும் அதே கேள்விக்குத்தான் வந்து சேர்ந்தாய். நீ தேடுவது எலும்புக்குள்ளே மிச்சமிருக்கும் மரபணுவை. வேலை பெங்களூரில் இருந்தாலும் ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் வீடு கட்டினோம். தெருவில் மற்ற எல்லோரும் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கறிக்கடையில் வாங்கி, வேகவைத்து, சதை நீக்கி நம் மாடியில் காயப்போட்டிருக்கும் ஆட்டெலும்புகளைப் பார்த்துவிட்டு, கம்பெனி பஸ் ஏறப் போகிறவர்கள் "என்ன சார், இன்னிக்கும் உங்க வூட்ல கறியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். தபால்காரருக்கே நம் வீடு எலும்புக்காரர் வீடுதான்.

தோண்டுகிற இடத்தில் கையில் கிடைத்தது கல்லா எலும்பா என்று சட்டென்று தெரியாது. இரண்டுக்கும் ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே கனம். அப்போது எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான். துடைத்துவிட்டு நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்போம். கல் என்றால் சும்மா இருக்கும். பழைய எலும்பு என்றால் அதன் பொடிப்பொடித் துளைகள் ஈரத்தை உறிஞ்சி, நாக்கில் வந்து ஒட்டிக்கொள்ளும். வெளியாட்களுக்கு அருவருப்பாக இருக்கும், எங்களுக்கு அது பழக்கம். நீ நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து இதைப் பார்த்தே வளர்ந்தாய். செங்கல், சாக்பீஸ், உடைந்த பூந்தொட்டி எதையும் விட்டுவைக்கமாட்டாய். கெலமங்கலத்தில் உன் மாமா வீட்டு விருந்தில், இலையில் விழுந்த கறித்துண்டின் எலும்பை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒட்டலம்மா, இது புதுசு" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி அறிவித்தாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் மாமா மட்டும், "என்னக்கா, புள்ளைக்கு எதைத்தான் சொல்லிக் குடுக்கற நீ?" என்று முகத்தைச் சுளித்தான். உனக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை.

இனி அந்தக் கருத்தரங்கு. நீ என்னை அழைக்கவில்லை. உன் பழைய வாத்தியார் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. ஓசூரில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி நெரிசலில் கால் கடுக்க நின்று, பெங்களூர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பிள்ளை பேசுவதைக் கேட்கப் போகிறோம் என்று இஸ்திரி போட்ட சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வந்தேன், அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. நீ நன்றாகப் பேசினாய், அதைச் சொல்லாமல் இருக்கமுடியாது. உன் அம்மாவுக்குப் பேர் வாங்கித் தந்த, குகையில் கிடைத்த பழைய மனிதப் பல்லைத் துளைத்து, தூளாக்கி, மரபணு தேடிய கதையைச் சொன்னாய். கிடைத்தது மிகச் சொற்பம் என்றாய். தாய்வழியாக வருகிற பகுதியைத்தான் படிக்க முடிந்தது என்றாய். அது பழைய மனிதனுடையது இல்லை, இன்றைய ஆளுடையது என்றாய். உன்னுடைய மரபணுவோடு ஒத்துப்போனது என்றாய். அப்புறம், "இந்தப் பல்லில் நான் தேடிய மூதாதை கிடைக்கவில்லை. கிடைத்தவர் என் அம்மா" என்றாய். அரங்கம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் திரையில் ஒரு படத்தைப் போட்டாய். குகை வாசலில் நின்றுகொண்டு, கண்ணைச் சுருக்கி, ஒரு எலும்பை நாக்கில் வைத்துப் பார்க்கிற உன் அம்மாவின் படம். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். முந்தைய தலைமுறை எவ்வளவு நல்ல பொருள்களை இப்படிக் கெடுத்து வைத்திருக்கிறது என்று ஒரு பாடமும் நடத்தினாய். கையுறை போட்டுக்கொள்ளத் தெரியாதவர்கள் என்றாய்.

அந்தப் படத்தை எடுத்தவன் நான். அவள் நாக்கில் இருந்தது மான் விலா. மனிதப் பல் கிடைப்பதற்கு முந்தைய கோடையில் எடுத்தது. அது உனக்கும் தெரிந்திருக்கவேண்டும், ஏனென்றால் பல் பார்க்கிறவளுக்குப் பல்லை நாக்கில் வைத்துப் பார்க்கவேண்டிய அவசியமே கிடையாது. பார்த்த மாத்திரத்தில் அது பல் என்று தெரியும். பல்லின் மேல்பூச்சு ஒட்டவும் ஒட்டாது, அடியிலிருக்கும் வேர்தான் ஒட்டும். உன்னைப் போன்ற படித்தவன் இதைக்கூட யோசிக்கவில்லையா, அல்லது யோசித்தும் விட்டுவிட்டாயா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. படம் நன்றாக இருந்தது, சிரிப்பு வந்தது, அவ்வளவு போதும் உனக்கு. எழுந்து கையைத் தூக்கியிருக்கலாம். செய்யவில்லை. நீ கீழே இறங்கி வருவதற்குள் நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் உன் தொலைபேசி. நீ இந்த மாதக் கடைசியில் சேரப்போகிற வெளிநாட்டு ஆய்வகத்தில் ஒரு சந்தேகம் கிளப்பியிருக்கிறார்கள். தாய்வழிப் பகுதி அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒன்றுதானே, பல்லில் இருப்பது அம்மாவுடையதுதான் என்று எப்படிச் சொல்கிறாய், ஏன் ஆய்வகத்தில் உன் கவனக்குறைவால் உன்னுடையதே கலந்திருக்கக்கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். உன் வேலை அந்தப் பதிலில் தொங்குகிறது. நீ அறிந்தவரை, பல் கிடைத்ததைப் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவன் நான் ஒருவன். அதனால் 'என் மனைவி அந்தப் பல்லை நாக்கில் வைத்துப் பார்த்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்' என்று ஒரு வரி எழுதித் தரச்சொன்னாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உடனே சொன்னாய், "இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? அம்மாதான் இப்ப இல்லையே. அவங்களுக்கு என்ன நஷ்டம்?"

சரி, என்ன நஷ்டம் என்று சொல்கிறேன். அதற்கு அந்தக் குகைக்குப் போகவேண்டும்.

ஆந்திர எல்லை தாண்டி, சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவில் இருந்தது அது. நம் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருங்கல்லில் எலும்பு தங்காது, சுண்ணாம்புதான் எலும்பைக் காப்பாற்றி வைக்கும். ஒவ்வொரு கோடையிலும் ஜீப்பில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போவோம். உனக்கு அப்போது ஆறு வயது. தோண்டுகிற இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரக்கூடாது என்பது எங்கள் துறையின் கண்டிப்பான விதி. ஊத்தங்கரைப் பக்கம் என் வீட்டில் எல்லோரும் கூலிக்குப் போகிறவர்கள், அவள் வீட்டில் தோட்டமும் சந்தையுமாக ஓயாத வேலை. உன்னை விட்டுவிட்டு வர இடமில்லை. நான் வீட்டில் இருந்திருக்கலாமே என்று நீ கேட்கலாம். அந்தக் காலத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை, அவளும் கேட்கவில்லை. எங்கள் மேலதிகாரி ஒருவர் அவள் காதுபடவே, "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற பொம்பளைக்கு இந்த வேலை எதற்கு?" என்று சொல்லியிருந்தார். இருந்தாலும் உன்னைக் கூட்டிக்கொண்டுதான் போனோம். அவர் வருகிற நாளில் மட்டும் ஜீப் டிரைவர் உன்னைப் பக்கத்து ஊருக்கு ஐஸ் வாங்கித் தரக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

அன்றைக்கு அவள் குகைக்குள்ளே குழியில் இருந்தாள். நான் குழியின் சுவரில் அடுக்குகளை வரைந்துகொண்டிருந்தேன். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அடி அடுக்கிலிருந்து எடுத்த மண்ணைச் சலித்து, சல்லடையை வெளியே வெளிச்சத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நீ அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தாய். நான் நின்ற இடத்திலிருந்து உன்னைப் பார்க்க முடிந்தது. எதையோ எடுத்தாய், சட்டையில் துடைத்தாய், நாக்கை நீட்டினாய். அதட்டலாம் என்று வாயெடுப்பதற்குள் நீ கத்திவிட்டாய். "அம்மா, ஒட்டுது! ஒட்டுதும்மா!"

அவள் சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தாள். எலித் தொடையெலும்பு எதையாவது பிடித்திருப்பாய் என்று நினைத்திருப்பாள். உன் வாயிலிருந்து எடுத்து, முந்தானையில் எச்சிலைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுடைய சிரிப்பு அப்படியே நின்றது. மனிதக் கடைவாய்ப்பல். அந்த அடுக்கில் அது இருந்தது என்றால், இந்தப் பக்கத்தில் இதுவரை யாரும் பார்க்காத பழைய மனிதன். அவள் உட்கார்ந்துவிட்டாள். "எங்க எடுத்த கண்ணு?" என்று கேட்டாள். "இதுலதான்" என்று சல்லடையைக் காட்டினாய். "நான் தப்பு பண்ணிட்டனா?" என்றாய். "இல்ல சாமி, நல்லாத்தான் பண்ணுன" என்று உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏங்க, நான்தான் எடுத்தேன். சரிங்களா?" என்றாள். நான் சரி என்றேன். உனக்கு அது எத்தனையோ எலும்புகளில் ஒன்று, சீக்கிரமே மறந்துவிட்டாய், நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆம், அதைக் கண்டுபிடித்தவன் நீ. நாக்கில் வைத்தவனும் நீ. அம்மாவின் கண்டுபிடிப்பு, அம்மாவின் கண்டுபிடிப்பு என்று எத்தனையோ தடவை என்னிடம் பொருமியிருக்கிறாய், அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டுகிறேன் என்று பல்லைக் கடித்திருக்கிறாய். அது உன்னுடையதுதான். பிள்ளையைக் கூட்டிவந்த விஷயம் வெளியே வந்தால் அவளைக் குகைப் பக்கமே விட்டிருக்கமாட்டார்கள். பல்லையும் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். அதனால் அறிக்கையில் தன் பெயரைப் போட்டுக்கொண்டாள். பொய்தான். அவளைப் பெரிய உத்தமி என்று சொல்ல நான் வரவில்லை. எந்த அடுக்கு, எந்தச் சல்லடை என்பதிலெல்லாம் ஒரு எழுத்து மாற்றவில்லை, எடுத்தவர் பெயரை மட்டும் மாற்றினாள். எச்சிலைப் பற்றி அப்போது இரண்டு பேருமே கவலைப்படவில்லை. இவ்வளவு வெப்பமான நாட்டில், இவ்வளவு பழைய பல்லிலிருந்து மரபணு எடுப்பார்கள் என்று யார் கண்டார்கள்? கழுவினால் போச்சு என்றுதான் இருந்தோம்.

வருஷங்கள் போயின. நீ மரபணுப் படிப்பில் சேர்ந்த சமயம், எங்கள் துறைக்கும் அந்த ஆசை வந்தது. குகைப் பல்லைத் துளைத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். அவள் மாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டார்கள், காரணம் சொல்லவில்லை. பல் அவள் பொறுப்பில் இருந்ததால் அவள் சம்மதிக்காமல் தொடமுடியாது. ஒரு கூட்டத்தில் ஒருவர், "மேடம், முடிவு உங்களுக்கு எதிரா வந்துடும்னு பயமா?" என்று கேட்டார். "ஆமா, பயம்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து புளி கரைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள், "துளைச்சா நம்ம பையன்தாங்க வருவான். இப்பத்தான் அந்தப் படிப்புல போயிச் சேந்திருக்கான். அவன் வாழ்க்கையில மொதப் பாடமே அவன் எச்சில்னு ஆகணுமா? ஊரே சிரிக்கும்." சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், ஆறு வயசுப் பிள்ளை செய்ததற்கு யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்றேன். "உங்களுக்குத் தெரியாது, அவன் தாங்கமாட்டான்" என்றாள். அறிக்கையில் சொன்ன பொய் வெளியே வரும் என்ற பயமும் அவளுக்கு இருந்திருக்கும். எது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவள் வாயில் வந்தது உன் பெயர்தான், அதை நான் கேட்டேன்.

அதற்கு அவள் கொடுத்தது என்ன தெரியுமா? குகையை அவளிடமிருந்து எடுத்து வேறு ஆட்களிடம் கொடுத்தார்கள். புதிய முறைகளுக்கு ஒத்துழைக்காதவர் என்று பெயர் வாங்கினாள். அழைப்புகள் நின்றன. உலகத்தில் யாரிடமிருந்தோ எல்லாம் கடிதம் வந்துகொண்டிருந்தவளுக்குக் கடைசி வருஷங்களில் கொடுத்த வேலை, சல்லடையில் மிஞ்சிய எலிப் பற்களைத் தரம் பிரிப்பது. ஒரு வார்த்தை, 'என் பிள்ளை சின்ன வயசில் நாக்கில் வைத்துவிட்டான்' என்ற ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். துறையில் கொஞ்ச நாள் திட்டு வாங்கியிருப்பாள், அவ்வளவுதான். சொல்லவில்லை. இதுதான் நஷ்டம். நீ கேட்டாயே என்று எழுதுகிறேன். எனக்குக் கணக்குப் பார்க்கிற பழக்கம் இல்லை, அவளுக்கும் இல்லை.

அந்தச் சமயத்தில் நீ அவளிடம் எப்படி நடந்துகொண்டாய் என்பதை மறந்திருக்கமாட்டாய் என்று நம்புகிறேன். பொங்கலுக்கு வந்திருந்தாய். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைத் தள்ளிவிட்டு, "உன்னை மாதிரி ஆளுங்க இருக்கறவரைக்கும் இந்த நாட்டுல ஒண்ணும் நடக்காதும்மா. ஒரு பல்லை வச்சுக்கிட்டு புதையல் காக்கற பூதம் மாதிரி உட்காந்துட்டு இருக்க" என்றாய். எங்கள் வீட்டில் அவளிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அவள் எழுந்துபோய் உனக்கு ரசம் எடுத்துக்கொண்டு வந்தாள். ஊற்றிக்கொண்டே, "என் காலம் முடியட்டும் கண்ணு, அப்புறம் உங்க இஷ்டம்" என்றாள். நான் கையைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்து உனக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள், அவள் பேச்சை மீற எனக்கு மனசு வரவில்லை.

அவள் காலமும் சீக்கிரமே முடிந்தது. அவள் போன மறு வருஷமே பல்லைத் துளைக்க அனுமதி வாங்கிவிட்டாய். இஷ்டம் என்று அவள் சொன்னதை அனுமதி என்று எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். துளைத்து முடித்து, வேர் இருந்த இடத்தில் தூள் மட்டும் மிஞ்சிய பிறகு, "அப்பா, ஒரு சின்ன விஷயம்" என்று போன் செய்தாய். எனக்கு அன்றே தெரியும், என்ன வரப்போகிறது என்று. அப்போதும் வாயை மூடிக்கொண்டேன். நீ கண்டுபிடித்துக்கொள்வாய், முடிவு வந்ததும் யோசிப்பாய், பழைய ஞாபகம் ஏதாவது வரும், வந்து என்னைக் கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. கிடைத்த முதல் ஆளைப் பிடித்துக் குற்றவாளி ஆக்கினாய். அந்த ஆள் செத்துப்போனவள் என்பதால் வசதியாகவும் இருந்தது.

உனக்கு ஒன்று சொல்கிறேன், இதை அறிவுரை என்று வைத்துக்கொண்டாலும் சரி. நம் தொழிலே செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசுவதுதான். நாம் என்ன சொன்னாலும் அவர்கள் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. அதனாலேயே நாம் ரொம்பவும் பார்த்துப் பேசவேண்டியிருக்கிறது. பெயர் தெரியாத ஒருவனுடைய தேய்ந்த பல்லை வைத்துக்கொண்டு, இவன் இடது பக்கம் மென்றான் என்று சொல்வதற்கு உன் அம்மா மாசக்கணக்கில் தயங்குவாள். நீ பெற்ற தாயைப் பற்றி ஒரு படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டாய். வெளிநாட்டில் உனக்கு நல்ல கருவி கொடுப்பார்கள், சுத்தமான அறை கொடுப்பார்கள், இந்தத் தயக்கத்தை மட்டும் யாரும் கொடுக்கமாட்டார்கள். அதை இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டு போகவேண்டும். நீ எடுத்துக்கொள்ளாமல் போகிறாயே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். வேலை போய்விடும் என்ற பயத்தில் மனுஷன் எதையும் செய்வான், அதை நான் புரிந்துகொள்வேன். ஆனால் நீ கருத்தரங்கில் பேசியபோது உனக்கு எந்தப் பயமும் இல்லை. சிரிக்கவைப்பதற்காகச் செய்தாய்.

இப்போது நீ கேட்ட வரி. அந்த ஆய்வகத்துக்கு நேற்றே அனுப்பிவிட்டேன். நீ சொன்ன வாசகம் இல்லை. 'என் மனைவி அந்தப் பல்லை நாக்கில் வைக்கவில்லை. வைத்தவன், அப்போது ஆறு வயதான எங்கள் மகன். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்' என்று எழுதியிருக்கிறேன். அவள் வெறுங்கையால் தொட்டாள், முந்தானையால் துடைத்தாள் என்பதையும் மறைக்காமல் சேர்த்திருக்கிறேன். பல்லில் இருப்பதில் அவளுடையது எவ்வளவு, உன்னுடையது எவ்வளவு என்று இனி யாராலும் பிரிக்கமுடியாது. தாய்வழிப் பகுதியில் அப்பனுக்கு இடம் கிடையாது. அந்தப் பல்லில் நம் மூவரில் நான் ஒருவன்தான் இல்லை. அதனால் என் சாட்சியை அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். ஆய்வகத்தில் நீ கவனக்குறைவாக இருந்ததாக இனி யாரும் அடித்துச் சொல்லமுடியாது, உன் வேலைக்கு இதனால் ஆபத்து வராது என்றுதான் நினைக்கிறேன். வந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன்.

அவள் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பாள். இருபது வருஷத்துக்கு மேல் அவள் வாயைத் திறக்காமல் காப்பாற்றியதை நான் அச்சில் போட்டுக் கொடுக்கிறேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவளுக்குப் பிடிக்காத ஒன்றைத் தெரிந்தே செய்வது இதுதான் முதல் தடவை. எனக்கு இது சந்தோஷமாக இல்லை. உன்னை அவமானப்படுத்தவேண்டும் என்று எழுதவில்லை என்று சொன்னால் அதுவும் பொய், கொஞ்சம் அந்த ஆசையும் இருக்கிறது. அந்த அரங்கத்துச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

நீ கிளம்புவதற்கு முன்னால், அந்தக் கருத்தரங்கை நடத்திய அமைப்பின் இன்னொரு கூட்டம் இருக்கிறது என்று உன் வாத்தியார் சொன்னார். அங்கே போ. உன் வாயால் சொல்லு. பல்லைக் கண்டெடுத்தது நான், கெடுத்ததும் நான், என் அம்மா அதை ஆயுசு முழுக்கத் தன் தலைமேல் போட்டுக்கொண்டாள் என்று சொல்லு. படம் எதுவும் போடவேண்டாம். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், நின்று கேட்டுக்கொள். அதற்கப்புறம் மூக்கண்டப்பள்ளிக்கு வா. அவள் இந்தப் பல்லைப் பற்றி எழுதாமல் வைத்திருந்த யோசனைகளையெல்லாம் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். நாலு நாள் பேசினாலும் தீராது.

அங்கே போகாமல் நேராக வீட்டுக்கு வந்தாலும் வா. பெட்டி கட்டவேண்டும், கெலமங்கலத்துக்குப் போய் மாமாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பவேண்டும், எல்லாம் இருக்கும். கதவைத் திறப்பேன். சோறு போடுவேன். பேசமாட்டேன்.

அப்பா